உங்கள் இணையத்தளத்தின் பெயர் யாருடைய கையில் இருக்கிறது?

கட்டுகஸ்தோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குத் தொலைபேசி எடுத்தார். “மகள், நம்ம சைட்ட யாரோ புடிச்சிட்டாங்க. தொறந்தா சூதாட்ட விளம்பரம் வருது. ஆமிக்காரன் வேலையா இருக்குமோ?” என்று கேட்டார். குரலில் கோபத்தை விடப் பயமே அதிகம் இருந்தது.

அவர் “நம்ம சைட்” என்று சொன்னது ஒரு சிறிய இணையத்தளம். 1977 வன்செயலுக்குப் பிறகு கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்களில், அவருடைய தோட்டத்தைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. யார் எந்த லயனில் இருந்தார்கள், எங்கே போனார்கள், 2009இல் யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை என்ற விபரங்கள். அடையாள அட்டைக்காக எடுத்த படங்கள், கடிதங்கள், ஒரு பாடசாலைக் குழுப்படம். சில பிள்ளைகளுக்கு உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே படம் அந்தத் தளத்தில்தான் இருந்தது. மூலப்படங்கள் வன்னியில் மண்ணோடு போய்விட்டன.

நான் தொழில்நுட்பவியலாளர் அல்ல. ஊடகக் கற்கை படித்துவிட்டுச் சுதந்திர ஊடகவியலாளராக வேலை செய்பவள். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு தளம் திடீரென்று காணாமல் போவது புதிய அனுபவம் அல்ல. அதனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். அன்று சேரின் வீட்டு மேசையில் லப்டொப்பை வைத்துக்கொண்டு நான் பார்த்ததையும், இப்படித் தளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தாங்களே பார்க்கக்கூடியதையும் இங்கே எழுதுகிறேன். இதற்கு எந்த இரகசியச் சொல்லும் தேவையில்லை. பார்ப்பது சட்டபூர்வமானது, இலவசமானது.

பெயருக்குப் பின்னால் உள்ள சங்கிலி

நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போது கணினிக்கு அந்தப் பெயர் புரியாது. அதற்குத் தேவை ஓர் எண் முகவரி. பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்குத்தான் டொமைன் நேம் சிஸ்டம், சுருக்கமாக டிஎன்எஸ், என்று பெயர். 1983இல் அமெரிக்காவில் போல் மொக்கபெட்ரிஸ் இதை வடிவமைத்தார். அதற்கு முன்னர் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு எல்லோருக்கும் பிரதி அனுப்பப்பட்டது. கணினிகள் பெருகியதும் அந்த முறை தாக்குப்பிடிக்கவில்லை.

டிஎன்எஸ் ஒரே புத்தகம் அல்ல. ஒருவரைக் கேட்டால் அவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். ஊருக்குப் புதிதாக வந்தவர் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று ஒரு வீட்டைக் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். “அது கட்டுகஸ்தோட்டைப் பக்கம், அங்கே போய்க் கேளுங்கள்” என்பார்கள். அங்கே போனால், “அந்த ஒழுங்கைக் கடைக்காரருக்குத் தெரியும்” என்பார்கள். கடைக்காரர்தான் கடைசியில் வீட்டைக் காட்டுவார்.

இணையத்திலும் அப்படித்தான். முதலில் ரூட் சேர்வர்கள். அவை ஆங்கில எழுத்து ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் உலகம் முழுவதும் இயங்குகின்றன. அவை, “டொட் கொம் பெயரா? அதற்குப் பொறுப்பானவர் இவர்” என்று காட்டும். டொட் கொம்முக்குப் பொறுப்பானவரைக் கேட்டால், “இந்தப் பெயருக்கு விடை சொல்ல வேண்டியவை இந்த இரண்டு சேர்வர்கள்” என்று காட்டுவார். அந்தக் கடைசி இரண்டும்தான் நேம் சேர்வர்கள். ஒழுங்கைக் கடைக்காரர் அவர்கள்தான்.

அவர்கள் எந்த எண்ணைச் சொல்கிறார்களோ, உலகம் அங்கேதான் போகும். உங்கள் படங்களும் எழுத்துகளும் உங்கள் சேர்வரில் ஒரு கீறலும் இல்லாமல் பத்திரமாக இருக்கலாம். கடைக்காரரை மாற்றிவிட்டால் வாசகர் வேறு வீட்டு வாசலில் போய் நிற்பார். அதனால்தான், “என் தளத்துக்கு என்ன நடந்தது?” என்ற கேள்விக்கு முன்னால், “என் பெயருக்கு இப்போது விடை சொல்பவர் யார்?” என்ற கேள்வி வர வேண்டும்.

நான்கு கைகள்

பலர் “தளத்துக்குக் காசு கட்டுகிறோம்” என்று ஒரே சொல்லில் சொல்வார்கள். உண்மையில் அங்கே நான்கு கைகள் இருக்கின்றன.

முதலாவது, பதிவகம். டொட் கொம், டொட் ஓர்க், டொட் எல்கே என்று முடியும் பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருக்கும் இடம் அது. டொட் எல்கே 1990இல் தொடங்கியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கிஹான் டயஸின் பெயர் அதனோடு சேர்ந்தே பேசப்படுவது. இன்று எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி அதை நடத்துகிறது. 2010இல் வந்த டொட் இலங்கை என்ற தமிழ் முடிவுக்கும் அதுவே பொறுப்பு.

இரண்டாவது, ரெஜிஸ்ட்ரார். அதாவது பெயரை நமக்கு விற்கும் நிறுவனம். நாம் வருடாவருடம் புதுப்பித்தல் கட்டணம் கட்டுவது இவர்களுக்கு. நேம் சேர்வரை மாற்றும் பொத்தானும் இவர்களுடைய கணக்கிற்குள்தான் இருக்கிறது.

மூன்றாவது, நேம் சேர்வர்களை இயக்குபவர். சில வேளை ரெஜிஸ்ட்ராரே செய்வார். சில வேளை கிளவுட்ஃப்ளெயார் போன்ற வேறு நிறுவனம்.

நான்காவது, ஹோஸ்டிங். படங்களும் எழுத்துகளும் உண்மையில் கிடக்கும் கணினி.

இந்த நான்கும் ஒரே நிறுவனத்திடம் இருக்கலாம், நான்கு நாடுகளிலும் இருக்கலாம். ஹோஸ்டிங் கடவுச்சொல் உங்களிடம் இருந்து, ரெஜிஸ்ட்ரார் கணக்கு தளம் செய்துகொடுத்த பையனின் பெயரில் இருந்தால், தளத்துக்கு உரிமையாளர் அந்தப் பையன்தான். அவர் நல்லவராக இருக்கும்வரை, உயிரோடு இருக்கும்வரை, உங்கள் தொலைபேசியை எடுக்கும்வரை பிரச்சினை இல்லை.

2021 பெப்ரவரி 6

இலங்கையில் இது எவ்வளவு தூரம் போகலாம் என்பதை ஒரு சனிக்கிழமை காலை எல்லோரும் பார்த்தோம். சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் கழித்து, 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, கூகுள் டொட் எல்கே என்று தட்டியவர்களுக்குக் கூகுள் வரவில்லை. வேறொரு பக்கம் வந்தது. தேயிலைத் தோட்டத் துறையின் பிரச்சினைகள், ஊடக சுதந்திரம், அரசியல்வாதிகளினதும் நீதித்துறையினதும் ஊழல், சிறுபான்மையினருக்கு இழைக்கப்படும் அநீதி என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஒரக்கிள் டொட் எல்கே உட்பட டொட் எல்கேயில் முடியும் வேறு சில பெயர்களும் அவ்வாறே திருப்பப்பட்டன.

அந்த வாரத்தை மலையகத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக பெப்ரவரி 5ஆம் திகதிதான் தோட்டங்களில் ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் நடந்தது. அதே நாட்களில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்கு நடந்த பேரணி வடக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “யாரோ நமக்காகப் பேசியிருக்கிறார்கள்” என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு.

எனக்கு அன்று உறைத்தது வேறு விடயம். கூகுளின் கணினிகளுக்குள் யாரும் நுழையவில்லை. கூகுளின் பாதுகாப்பில் ஓட்டை விழவில்லை. டொட் எல்கே பெயர்களின் டிஎன்எஸ் பதிவுகளில்தான் கை வைக்கப்பட்டது. பதிவகமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் பிரச்சினையை ஏற்றுக்கொண்டன, அன்றே சரிசெய்யவும் பட்டது. ஆனால் கூகுளின் பெயரையே சில மணித்தியாலம் வேறு வாசலுக்குத் திருப்ப முடியும் என்றால், நம்முடைய சங்கங்களினதும் நினைவுத் தளங்களினதும் நிலை என்ன?

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் உண்டு. 2013 ஓகஸ்ட் 27ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸின் தளம் மணிக்கணக்காகத் தடைப்பட்டது. சிரிய அரசுக்கு ஆதரவான சிரியன் இலெக்ட்ரோனிக் ஆர்மி என்ற குழு அதற்கு உரிமை கோரியது. அவர்களும் பத்திரிகையின் சேர்வரைத் தொடவில்லை. மெல்பேர்ன் ஐடி என்ற ரெஜிஸ்ட்ராரின் துணை விற்பனையாளர் ஒருவருடைய கணக்கு விபரங்களைக் கொண்டு உள்ளே போய், நேம் சேர்வர்களை மாற்றினார்கள். அதே கணக்கில் கூடுதல் பூட்டுப் போட்டிருந்த பெயர்கள் தப்பின. அந்தப் பூட்டைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எப்படிப் பார்ப்பது?

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது வழிக்குக் கையடக்கத் தொலைபேசியே போதும்.

வழி ஒன்று: பதிவேட்டைப் பார்ப்பது. ஐகேன் என்பது இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் சர்வதேச அமைப்பு. அதன் லுக்கப் பக்கத்தில் டொட் கொம், டொட் ஓர்க், டொட் நெட் பெயர்களைத் தட்டினால் நான்கு விபரங்கள் கிடைக்கும்: எந்த ரெஜிஸ்ட்ரார், எப்போது பதியப்பட்டது, எப்போது காலாவதியாகிறது, எந்த நேம் சேர்வர்கள். டொட் எல்கே பெயர்களை எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியின் தளத்திலேயே தேடலாம். 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு உரிமையாளரின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். இது நமக்கு நல்லதே. நேம் சேர்வர்களை யாரும் மறைக்க முடியாது, ஏனென்றால் அவை தெரியாவிட்டால் இணையமே வேலை செய்யாது.

வழி இரண்டு: நேரடியாகக் கேட்பது. விண்டோஸ் கணினியில் கமாண்ட் ப்ரொம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறவுங்கள். என், எஸ், எல், ஓ, ஓ, கே, யு, பி என்ற எட்டு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறி, டைப் என்ற ஆங்கிலச் சொல், சமன் குறி, என், எஸ் ஆகியவற்றை இடைவெளியின்றித் தட்டுங்கள். மீண்டும் ஓர் இடைவெளி விட்டுத் தளத்தின் பெயர். முன்னால் மூன்று டபிள்யூ போடக்கூடாது. அதைப் போட்டால் பெரும்பாலும் வெறும் விடைதான் வரும், பலர் அந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். என்டர் அழுத்தினால் நேம் சேர்வர் என்று எழுதி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெயர்கள் வரும். மேலே “நொன் ஒத்தோரிட்டேட்டிவ் ஆன்ஸர்” என்று வந்தால் அது பிழை அல்ல. உங்கள் இணைய நிறுவனம் தன் ஞாபகத்திலிருந்து விடை சொல்கிறது என்பதே அதன் பொருள்.

அதே வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று சேர்த்தால் உங்கள் இணைய நிறுவனத்தைக் கேட்காமல் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸைக் கேட்கும். 1.1.1.1 என்று போட்டால் கிளவுட்ஃப்ளெயாரைக் கேட்கும். இரண்டு விடைகளையும் ஒப்பிடுவது மிக முக்கியம். காரணம் கீழே வரும். கணினி இல்லாதவர்கள் டிஎன்எஸ் டொட் கூகுள் என்ற பக்கத்துக்குத் தொலைபேசியிலேயே போய், பெயரைத் தட்டி, பதிவு வகையில் என்எஸ் என்பதைத் தெரிவுசெய்து பார்க்கலாம்.

வழி மூன்று: சங்கிலி முழுவதையும் பார்ப்பது. மக் கணினியிலும் லினக்ஸிலும் டி, ஐ, ஜி என்ற மூன்று எழுத்துக் கட்டளை இருக்கிறது. அதன்பின் தளத்தின் பெயரும், கூட்டல் குறியோடு ட்ரேஸ் என்ற சொல்லும் போட்டால், ரூட் சேர்வரிலிருந்து தொடங்கி யார் யாரைக் கைகாட்டினார்கள் என்பது படிப்படியாக வரும். பதிவகம் காட்டும் பெயர்களும், அந்த நேம் சேர்வர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் பெயர்களும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், உலகம் முதலில் பின்பற்றுவது பதிவகம் காட்டுவதைத்தான்.

விடையை எப்படி வாசிப்பது?

நேம் சேர்வரின் பெயரே பெரும்பாலும் கதையைச் சொல்லிவிடும். உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால், அந்தக் கணக்கில்தான் திறப்பு இருக்கிறது. இரண்டு ஆட்பெயர்களும் அவற்றின் பின்னால் கிளவுட்ஃப்ளெயார் என்றும் இருந்தால், கிளவுட்ஃப்ளெயார் கணக்கு யாரிடம் என்று தேட வேண்டும். பார்க்கிங், எக்ஸ்பயர்ட் போன்ற சொற்கள் இருந்தால் பெயர் காலாவதியாகி விளம்பரப் பக்கத்துக்குப் போயிருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டே இராத நிறுவனத்தின் பெயர் இருந்து, யாரும் மாற்றவில்லை என்றும் உறுதியானால், அது அவசர நிலைமை.

ஏன் அவசரம்? நேம் சேர்வர் மாறும்போது தளம் மட்டும் போவதில்லை. அந்தப் பெயரில் முடியும் மின்னஞ்சல்களும் புதிய இடத்துக்குத் திருப்பப்படலாம். உங்களுக்கு வரும் கடிதங்களை இன்னொருவர் வாசிக்கலாம். “கடவுச்சொல் மறந்துவிட்டது” என்று அழுத்தி, அந்த மின்னஞ்சலோடு இணைந்த மற்றக் கணக்குகளுக்குள்ளும் போகலாம். உலாவியில் தெரியும் பூட்டுச் சின்னமும் காப்பாற்றாது. பெயரைக் கட்டுப்படுத்துபவர் அந்தப் பெயருக்கான பாதுகாப்புச் சான்றிதழைச் சில நிமிடங்களில் எடுத்துவிட முடியும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் சாட்சியங்களை அனுப்பும் ஒரு மின்னஞ்சல் முகவரி இப்படிப் போனால் அதன் விளைவு என்ன என்பதை நமது வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

முடக்கமா, பறிப்பா, காலாவதியா?

ஒரு தளம் திறக்காவிட்டால் நம்மவர்களுக்கு முதலில் வருவது “அரசாங்கம் முடக்கிவிட்டது” என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்குக் காரணம் இருக்கிறது. 2007 ஜூனில் தமிழ்நெற் இலங்கைக்குள் முடக்கப்பட்டது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது, பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை நாடு முழுவதும் சுமார் ஒரு வாரம் கட்டுப்படுத்தப்பட்டன. கண்டியில் இருந்த எங்களுக்கு அந்த நாட்களில் பக்கத்து ஊரில் என்ன நடக்கிறது என்பதே தெரியவில்லை.

ஆனால் முடக்கமும் பறிப்பும் காலாவதியும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. பிரித்தறிய நேம் சேர்வர் உதவும்.

முடக்கம் என்றால் பதிவேட்டில் எதுவும் மாறியிருக்காது. நேம் சேர்வர்கள் பழையவையே. ரொறன்ரோவில் இருப்பவருக்குத் தளம் திறக்கும், கண்டியில் இருப்பவருக்குத் திறக்காது. சில வேளை இலங்கை இணைய நிறுவனத்தைக் கேட்டால் விடை வராது, 8.8.8.8ஐக் கேட்டால் வரும். 2007இல் தமிழ்நெற் வெளிநாடுகளில் வழமைபோல் வாசிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

பறிப்பு என்றால் காலாவதித் திகதி தூரத்தில் இருக்கும், ஆனால் நேம் சேர்வர்கள் மாறியிருக்கும். “கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது” என்ற திகதி மிக அண்மையதாக இருக்கும். உலகம் முழுவதும் தவறான பக்கம் வரும். ஆனால் ஒரே நேரத்தில் வராது. டொட் கொம் பதிவகம் காட்டும் நேம் சேர்வர் விபரத்தை மற்றக் கணினிகள் இரண்டு நாள் வரை ஞாபகத்தில் வைத்திருக்கலாம். அதனால்தான் ஒருவருக்குச் சரியான பக்கமும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிழையான பக்கமும் தெரிகிறது.

காலாவதி என்றால் நேம் சேர்வர் ரெஜிஸ்ட்ராரின் விளம்பரச் சேர்வராக மாறியிருக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதில்தான் சேர் விழுந்திருந்தார்.

சேரின் தளத்துக்கு நடந்தது

“நானும் பாத்தேன் மகள். அடுத்த வருஷம் வரைக்கும் இருக்குன்னுதான் காட்டுது. அப்ப காசு கட்டியாச்சுதானே?” என்றார் சேர்.

பதிவேட்டில் காலாவதித் திகதி உண்மையிலேயே அடுத்த வருடம் என்றுதான் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே நிலைமை என்ற பகுதியில் “ஓட்டோ ரினியூ பீரியட்” என்று இருந்தது. டொட் கொம் பெயர் ஒன்று காலாவதியானதும் பதிவகம் தானாகவே ஒரு வருடத்தைக் கூட்டி எழுதிவிடும். உரிமையாளர் காசு கட்டினாரா என்பது அதற்குத் தெரியாது. கட்டாவிட்டால், ரெஜிஸ்ட்ரார் 45 நாட்களுக்குள் அந்தப் பெயரை அழித்து அந்த வருடக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். அந்த இடைக்காலத்தில்தான் நேம் சேர்வரை விளம்பரத்துக்குத் திருப்புகிறார்கள். அழித்த பிறகும் 30 நாள் மீட்புக்காலம் உண்டு. ஆனால் அப்போது கட்டணம் பல மடங்கு. அதுவும் முடிந்து ஐந்து நாட்களில் பெயர் சந்தைக்கு வந்துவிடும். பழைய பெயர்களைப் பிடித்துச் சூதாட்டத் தளம் நடத்துவதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள். சில நிறுவனங்கள் அழிக்காமல் முதல் மாத முடிவிலேயே ஏலத்தில் விட்டுவிடுவதும் உண்டு.

நாங்கள் பார்த்த அன்று 19 நாட்கள் போயிருந்தன. ஆமிக்காரனுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று சொன்னேன். சேர் நிம்மதி அடைவார் என்று நினைத்தேன். அவர் அமைதியாக இருந்துவிட்டு, “அப்ப தம்பியோட காட் முடிஞ்சிருக்கும்” என்றார்.

அந்தத் தளத்தைச் செய்தவர் சேருடைய அண்ணனின் மகன். ரொறன்ரோவில் இருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன்னர் மாரடைப்பால் இறந்துவிட்டார். அவருடைய வங்கி அட்டையிலிருந்து வருடாவருடம் தானாகவே பணம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அட்டை காலாவதியானதும் பணம் போகவில்லை. எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாம் இறந்தவரின் மின்னஞ்சலுக்கு வந்து, வாசிக்க ஆளில்லாமல் கிடந்தன.

அன்றிரவு ரொறன்ரோவுக்கு அழைத்து அவருடைய மனைவியிடம் பேசினோம். கடவுச்சொல் எதுவும் அவருக்குத் தெரியாது. மின்னஞ்சலைத் திறக்கக் கணவருடைய தொலைபேசிக்கு ஒரு குறியீடு வர வேண்டும். “அந்த நம்பர நான் இன்னும் வெட்டேல்ல. மாசாமாசம் காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறன். வெட்ட மனம் வரேல்ல” என்றார். அலுமாரியிலிருந்து அந்தத் தொலைபேசியை எடுத்துச் சார்ஜ் போட்டார். குறியீடு வந்தது. மின்னஞ்சல் திறந்தது. அது அந்தத் தளத்தின் பெயரிலேயே இருந்த முகவரியாக இருந்திருந்தால், தளத்தோடு சேர்ந்து அதுவும் செத்திருக்கும். நல்லகாலம், சாதாரண ஜிமெயில்.

பணம் கட்டிய பிறகும் விளம்பரமே வந்தது. ரெஜிஸ்ட்ரார் கணக்கில் பழைய நேம் சேர்வர்களைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அவை எவை என்று யாருக்கும் தெரியாது. ஹோஸ்டிங் நிறுவனம் பல வருடங்களுக்கு முன்னர் அனுப்பிய வரவேற்புக் கடிதம் அதே மின்னஞ்சலில் கிடந்தது. அதில் இரண்டு வரிகளாக இருந்தன. எழுதினோம். ரொறன்ரோவில் ஒரு மணித்தியாலத்தில் தளம் வந்தது. கட்டுகஸ்தோட்டையில் மறுநாள் பின்னேரம் வந்தது. சேர் முதலில் அந்தப் பாடசாலைக் குழுப்படத்தைத்தான் திறந்து பார்த்தார்.

எழுதி வைக்க வேண்டியவை

இந்த அனுபவத்துக்குப் பிறகு எனக்குத் தெரிந்த சங்கங்களிடமும் தளம் நடத்துபவர்களிடமும் ஒரு தாள் எழுதச் சொல்கிறேன். கணினியில் அல்ல, தாளில். அதில் இருக்க வேண்டியவை இவைதான்.

1. பெயர் எந்த ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது, கணக்கு எந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருக்கிறது. அந்த மின்னஞ்சல் தளத்தின் சொந்தப் பெயரில் இருக்கக்கூடாது.

2. சரியான நேம் சேர்வர்களின் பெயர்கள், எழுத்துக்கு எழுத்து. தளம் நன்றாக இருக்கும்போதே பார்த்து எழுதினால்தான் கெட்டுப்போகும்போது ஒப்பிடலாம்.

3. காலாவதித் திகதி, பணம் போகும் அட்டை யாருடையது, அந்த அட்டை எப்போது முடிகிறது. முடிந்தால் பெயரைப் பல வருடங்களுக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். பெரும்பாலான பெயர்களுக்குப் பத்து வருடம் வரை அனுமதி உண்டு.

4. இரட்டைப் பாதுகாப்புக் குறியீடு எந்தத் தொலைபேசிக்கு வருகிறது. மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு வேறொரு வீட்டில் வையுங்கள்.

5. இரண்டாவது ஆள் யார். வேறு வீட்டில், முடிந்தால் வேறு நாட்டில் இருப்பவர். சங்கத்தில் பிளவு வந்தாலும் பேசக்கூடிய ஒருவர்.

பூட்டைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். பதிவேட்டின் நிலைமைப் பகுதியில் “கிளையன்ட் ட்ரான்ஸ்ஃபர் ப்ரொஹிபிட்டட்” என்று இருந்தால், பெயரை வேறு நிறுவனத்துக்கு இலகுவில் மாற்ற முடியாது. இது சாதாரணப் பூட்டு, இலவசம், எல்லோரும் போட வேண்டும். ஆனால் கணக்கிற்குள் நுழைந்தவர் இதைக் கழற்றலாம். ரெஜிஸ்ட்ரி லொக் என்பது அதற்கு மேல். அது இருந்தால் பதிவகமே ஆளைத் தொடர்புகொண்டு உறுதிசெய்யாமல் நேம் சேர்வரை மாற்றாது. 2013இல் சில பெயர்களைக் காப்பாற்றியது இப்படிப்பட்ட பூட்டுத்தான். இதற்குப் பணம் அதிகம். பெரிய செய்தித்தளங்கள் யோசிக்கலாம்.

எந்தப் பூட்டும் முழுமையானது அல்ல. ஆகவே பிரதி வேண்டும். தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபெக் மெஷினில் சேமிக்கச் சொல்லிக் கேட்கலாம், இலவசம். படங்களின் மூலப்பிரதிகளை வன்தட்டில் எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். தனிப்பட்ட சாட்சியங்களை மட்டும் பொது இடத்தில் சேமிக்க வேண்டாம். அவற்றை யார் வாசிக்கலாம் என்பதை முதலில் குடும்பத்திடம் கேளுங்கள்.

நேம் சேர்வரை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டு நிமிட வேலை. மின்கட்டணம் கட்டும் நாளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது.

சேர் தன்னுடைய தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். இரண்டாவது ஆளின் பெயர் எழுதும் இடம் பல நாட்கள் வெறுமையாகவே இருந்தது. போன மாதம் கிளிநொச்சியில் இருக்கும் ஒரு பெண் தொலைபேசியில் அவரைத் தேடிப் பேசியிருக்கிறார். குழுப்படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்கும் பிள்ளை தன்னுடைய அக்கா என்றும், அக்காவின் படத்தை இப்போதுதான் முதல்தடவை பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். ஒரு கடையில் கணினி வேலை செய்கிறாராம். அந்த வெற்றிடத்தில் இப்போது அவருடைய பெயர் இருக்கிறது.